ஆராய்ச்சி மணியும் இயந்திரப் பசுவும்

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உலகம் அன்னையர் தினம் கொண்டாடிய நாள். பொழுது புலராத இருளில், பேராக் மாநிலத்துக் கிரிக் நகரையும் கிளந்தான் மாநிலத்து ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், சாலையைக் கடக்க முற்பட்ட யானைக் கன்றொன்று லோரியில் அடிபட்டு அதன் அடியிற் சிக்கி மாண்டது. தாய் யானை அவ்விடம் விட்டு அகலவில்லை. தன் நெற்றியை லோரியின் மேல் அழுத்தி, அதனைப் பெயர்த்துவிட முயல்வது போல் நெடுநேரம் நின்றது. இறுதியில் வனவிலங்குத் துறையினர் வந்து அதனை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அக்காட்சி அன்றைக்கே நாடெங்கும் கைப்பேசிகளிற் பரவியது.

மறுநாள் வெசாக் விடுமுறை. செவ்வாய்க்கிழமை பள்ளி திறந்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு நான் எடுக்க வேண்டியிருந்த பாடம் மனுநீதிச் சோழன் கதை. தலைமையாசிரியர் ஆன பின்பும் வாரத்திற் சில பாட வேளைகளை நான் விட்டுக்கொடுப்பதில்லை. அலுவலக அறையிலேயே அடைந்து கிடந்தால் ஆசிரியன் என்பதே மறந்துபோகும் என்பது என் அச்சம். அரசன் மகன் ஏறிய தேரின் சக்கரத்தில் கன்று சிக்கி மாய்ந்ததையும், தாய்ப்பசு அரண்மனை வாயிலிற் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை அசைத்ததையும், மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதையும் சொல்லி முடித்தேன். முன் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, கிரிக் யானைதான் அந்தப் பசு, இல்லையா?" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. ஓர் ஆசிரியனுக்கு இதனினும் நிறைவான கணம் வாய்ப்பது அரிது.

அந்த அமைதியைப் பின் வரிசை மாணவன் ஒருவன் கலைத்தான். இயந்திரப் பொம்மைகளைப் பிரித்து மாட்டுவதிலே பொழுதெல்லாம் கழிக்கும் பையன் அவன். "ஐயா, அது இயந்திரப் பசுவாக இருந்து, கன்று அடிபட்டால் மணியை அடி என்று அதற்குள் எழுதி வைத்திருந்தால், அதுவும் அடித்திருக்குமே. அப்போதும் அரசன் மகனைக் கொன்றிருப்பாரா?" என்று கேட்டான். பிள்ளைகள் நகைத்தனர். "இயந்திரத்துக்கு உயிர் ஏது தம்பி? உட்கார்" என்று கூறிவிட்டுச் சொல்வதெழுதலுக்குப் போய்விட்டேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றியவன் நான். வினாவை நகைப்பில் மூழ்கடிக்கும் ஆசிரியனைப் போன்ற தீங்கு வகுப்பறைக்கு வேறில்லை என்று பயிற்சி ஆசிரியர்களுக்குப் பலகாலும் எடுத்துரைத்தவன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்பையனின் வினா எளியதன்று. அதனுள் அறிவைப் பற்றிய வினா ஒன்றும் அறத்தைப் பற்றிய வினா ஒன்றும் பின்னிக் கிடந்தன. அவனுக்கு நான் சொல்லாது விட்ட விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் அறிவைப் பார்ப்போம். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவு வகையால் அடுக்குவதைத் தமிழாசிரியர் எவரும் அறிவர். உடம்பால் மட்டும் அறியும் புல்லும் மரமும் முதற்படி. அதன்மேல் சுவையும், அதன்மேல் மோப்பமும், பின்னர்க் கண்ணும், பின்னர்ச் செவியும் சேரச் சேர, நத்தை, எறும்பு, நண்டு, விலங்கு எனப் படிகள் உயர்கின்றன. இவை அனைத்தின் மேலும் மனம் என்னும் ஆறாவது அறிவு சேர்ந்த இடத்தில் மனிதன் நிற்கிறான். இந்த அடுக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்விக்கிறோமேயன்றி, அதன் அமைப்பை நின்று நோக்குவதில்லை. ஆறாவது அறிவு அந்தரத்திலே தொங்குவதாகத் தொல்காப்பியர் கூறவில்லை. தொடுவுணர்வு என்னும் அடித்தளத்தின் மேல், படிப்படியாக எழுந்த கட்டடத்தின் மேல்மாடம் அது.

செயற்கை அறிவை ஆக்கப் புகுந்த மேலைநாட்டு அறிஞர்கள், மேல்மாடத்தை முதலிற் கட்டத் தொடங்கினார்கள். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அவர்கள் கூடிய கோடைக்காலக் கூட்டத்தை ஒட்டியே செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் துறைப்பெயராக நிலைத்தது. கணக்குத் தேற்றங்களை நிறுவுதல், சதுரங்கம் ஆடுதல் ஆகியவையே அறிவின் உச்சம் என்றும், அவை கைகூடின் எஞ்சியவை எளிதிற் கைகூடும் என்றும் பெரும்பாலோர் நம்பினர். சதுரங்கம் கைகூடத்தான் செய்தது. 1997ஆம் ஆண்டு மே மாதம் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ என்னும் கணினி உலக வெற்றி வீரர் கேரி காஸ்பரோவை வென்றது. எனினும் அந்த ஆட்டத்தில் கணினி தீர்மானித்த காய்களைப் பலகையில் எடுத்து வைத்தவர் எதிரில் அமர்ந்திருந்த ஒரு மனிதரே! உலக வீரனை வீழ்த்திய அறிவுக்கு ஒரு காலாட்காயை நகர்த்தும் விரல் இல்லை. பாலர் பள்ளிக் குழந்தைக்கு அது இருக்கிறது.

இதற்கு நெடுங்காலம் முன்னரே வேறு வழியில் நடந்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். மூளையின் மின்னலைகளை ஆராய்ந்த கிரே வால்டர் என்பவர், 1948, 1949ஆம் ஆண்டுகளில் பிரிஸ்டல் நகரில் எல்மர், எல்சி என்று பெயரிட்ட இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒளியை உணரும் கண் ஒன்று, முட்டினால் உணரும் ஓடு ஒன்று, மூளையாக இரண்டே வெற்றிடக் குழாய்கள். அவை அறைக்குள் ஊர்ந்தன; தடை வந்தால் விலகின; மின்கலம் தளர்ந்தால் தம் கூட்டிலிருந்த விளக்கை நாடித் திரும்பின. பார்த்தவர்கள் அவற்றுக்குப் பசிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஆமை நம் அடுக்கில் எப்படியில் நிற்கும்? தொடுவுணர்வு உண்டு, நாவும் மூக்கும் இல்லை, கண் மட்டும் உண்டு. மரபியலின் படிகளிற் கால் வையாது தாவிய விந்தைப் பிறவி அது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ரோட்னி புரூக்ஸ். ஆஸ்திரேலியாவிற் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பணியாற்றியவர். 1980களின் இறுதியில் அவரும் அவர் குழுவினரும் செங்கிஸ் என்னும் ஆறுகால் பூச்சி ஒன்றைச் செய்தனர். உலகத்தின் வரைபடம் எதுவும் அதன் தலைக்குள் இல்லை. தலைமை மூளை என்பதும் இல்லை. ஒவ்வொரு காலுக்கும் எளிய விதிகள் சில. அவை ஒன்றோடொன்று இயைந்தபோது பூச்சி மேடு பள்ளங்களில் தானே நடந்தது. 1990இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு, யானைகள் சதுரங்கம் ஆடுவதில்லை என்பது தலைப்பு. சதுரங்கம் ஆடாததனால் யானைக்கு அறிவில்லை என்று எவரேனும் சொல்வாரா? உடம்போடு உலகத்தில் இறங்கி, கண்டும் தொட்டும் இடறியும் வளர்வதே அறிவு என்பது அவர் வாதம். இன்று உடல்பெற்ற செயற்கை அறிவு என்று வழங்கப்படும் துறைக்கு அக்கருத்தே வித்துக்களுள் ஒன்றாயிற்று.

உடம்புக்கென்று ஓர் அறிவு உண்டா என்று ஐயுறுவோர், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எண்ணிப் பார்க்கலாம். கிள்ளானில் என் பாட்டி வீட்டு நிலைப்பேழையில் ஒன்று இருந்தது. எத்துணை முறை தள்ளினாலும் எழுந்து நிற்கும். எழு என்று அதற்கு யாரும் கட்டளையிடவில்லை. அடிப்பாகத்தின் வளைவும் கனமுமே அக்கட்டளை. 1990ஆம் ஆண்டளவில் கனடாவில் டாட் மெக்கீர் என்னும் பொறியாளர் இதே உண்மையைக் கால்களில் ஏற்றிக் காட்டினார். அவர் செய்த கருவியில் மின்பொறியும் இல்லை, கணினியும் இல்லை. சரிவான பலகையின் மேல் விட்டால், கால்களின் நீளமும் மூட்டின் அமைப்பும் புவியீர்ப்பும் கூடி, மனிதன் நடப்பது போலவே அது நடந்து இறங்கியது. பல்லியின் பாதத்தைப் பார்த்துக் கண்ணாடிச் சுவரேறும் கருவியை 2006இல் ஸ்டான்பர்ட் பல்கலைக்கழகத்தார் செய்தமையும் இவ்வழிப்பட்டதே. உயிர்களின் உடம்பிலே கோடானுகோடி ஆண்டுகள் எழுதிவைத்த பாடத்தை இவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள் எனலாம்.

ஆசிரியர்களுக்கு இது புதுச்செய்தி அன்று. குழந்தை முதல் இரண்டாண்டுகளில் தொட்டும் கவ்வியும் இழுத்துமே உலகை அறிகிறது என்று பியாஜே எழுதியதைப் பயிற்சிக் கல்லூரியில் நாம் அனைவரும் படித்தோம். அவருக்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே, மணலிலும் அரிசியிலும் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த மரபு நம்முடையது. எழுத்து முதலில் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதை எவரோ ஒரு திண்ணைப் பள்ளி ஆசான் அறிந்திருக்கிறார். கணினியியலின் தந்தையெனப் போற்றப்படும் ஆலன் டூரிங்கும், 1950இல் எழுதிய கட்டுரையின் முடிவில், இயந்திரத்துக்குச் சிறந்த புலன்களை அளித்துக் குழந்தைக்குக் கற்பிப்பது போலக் கற்பிக்கும் வழியும் உண்டு என்று குறித்துள்ளார். அவருடைய தந்தையார் சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரி. தாயார் பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில். இச்செய்திக்கும் அவர் கருத்துக்கும் தொடர்பு கற்பிப்பது தமிழ்ப்பற்று மிகுந்தவர் செய்யும் பிழையாகும். எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை!

இவ்வளவும் கடந்து வந்த பின்னும் என் மாணவனின் பசு மணிக்கயிற்றடியிலேயே நின்றுகொண்டிருந்தது. காலும் கண்ணும் பெற்று, உலகில் நடமாடிக் கற்றும் கொண்ட இயந்திரப் பசு கன்றை இழந்தால், எதை இழக்கிறது?

இவ்விடத்திலே 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை எனக்குத் துணைபுரிந்தது. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோவும் கிங்சன் மேன் என்பவரும் சேர்ந்து எழுதியது. உயிருக்கு உணர்வு தோன்றியது ஏன்? அதன் உடம்பு அழியக்கூடியதாய் இருப்பதனாலே என்பர் அவர்கள். வெப்பம் மிகுந்தால் வாடும், நீர் குறைந்தால் தவிக்கும், அடிபட்டால் கிழியும். எந்நேரமும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கும் உடம்புக்குத்தான் நல்லது தீயது என்ற பாகுபாடு உள்ளிருந்தே பிறக்கிறது. இரும்புப் பெட்டிக்கு அது இல்லை. ஆகவே மென்மையான, காயப்படத்தக்க உடம்பையும், அதனை ஓம்பிக்கொள்ளும் ஏற்பாட்டையும் இயந்திரத்துக்குக் கொடுத்தால், உணர்வை ஒத்த ஏதோ ஒன்று அதில் முளைக்கக்கூடும் என்று அவர்கள் கருதுகின்றனர். வால்டரின் ஆமை விளக்கை நாடியது பசியன்று; மின்கலம் தீர்ந்து நின்றுவிட்டாலும் அதற்கு நட்டமில்லை, மறுநாள் மின்னேற்றினால் மீண்டும் ஊரும். கிரிக் சாலையில் மாண்ட கன்றுக்கு மறுநாள் என்பது இல்லை. தாயின் நெற்றி லோரியை முட்டியது அதனாலே.

இக்கருத்தை ஏற்றால் அச்சம் ஒன்று உடன் எழுகிறது. வலி அறியும் இயந்திரம் ஒருநாள் செய்யப்படுமாயின், அதனைச் செய்வது அறமாகுமா? ஜெர்மானிய மெய்யியலார் தாமஸ் மெட்சிங்கர், செயற்கையாய் உணர்வை உண்டாக்கக்கூடிய ஆராய்ச்சிகளை 2050ஆம் ஆண்டு வரையிலேனும் உலகம் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2021இல் வாதிட்டார். இருக்கின்ற உயிர்களின் துன்பத்தையே தீர்க்க இயலாத நாம், புதுத் துன்பத்தை வார்த்தெடுக்கப் புறப்படுவானேன்? இவ்வாதம் சிலருக்கு மிகையாய்த் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

இனி அறத்தைப் பற்றிய வினா. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் யானை ஒன்று நடைக்கு இருத்தப்பட்டது. பெயர் ராமன். பத்தடிக்கும் மேற்பட்ட உயரம். 800 கிலோ எடை. இரும்புச் சட்டகத்தின் மேல் ரப்பர்த் தோல். மின்பொறிகளால் தலையும் செவியும் கண்ணும் வாலும் அசையும். உயிருள்ள யானையைச் சடங்குகளுக்குக் கட்டி வைப்பதில்லை என்று அக்கோயிலார் முடிவு செய்ததன் பேரில், விலங்குகளின் நலம் நாடும் அமைப்பொன்று அளித்த கொடை அது. தமிழகத்திலும் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதிக் கோயிலுக்கு இத்தகைய இயந்திர யானை பின்னர் வந்து சேர்ந்தது. இவற்றில் அறிவு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை என்பதை ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். புரூக்ஸ் கேட்ட யானை இதுவன்று. தோற்றம் மட்டும் யானை. ஆயினும் அறத்தின் தராசில் இதற்கு எடையுண்டு. சங்கிலியும் அங்குசமும் படவேண்டிய ஓர் உடம்புக்குப் பதிலாக, படாத உடம்பு ஒன்று நிற்கிறது. வலி அறியாமையே இங்கு அதன் தகுதி!

இதனைப் படித்தபோது நான் முழுமனத்தோடு மகிழ்ந்திருக்க வேண்டும். என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் ஒரு செவலைக் காளை.

கிள்ளானுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் என் தந்தையார் செம்பனைக் குலைகளை மாட்டு வண்டியில் ஏற்றி வெளிச்சாலைக்குக் கொணர்ந்து சேர்க்கும் வேலை செய்தார். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். மழைநாள் ஒன்றில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. குலைகள் உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் நாட்கூலி குறையும். தந்தையார் செவலையை அடித்தார். கோல் முறியும் வரை அடித்தார். அது முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டு, பின்னர் எப்படியோ எழுந்து இழுத்தது. அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கொளியில், வேப்பெண்ணெயைக் காய்ச்சி அதன் தோளில் நுகம் தேய்த்த புண்ணுக்கும் முதுகுத் தழும்புகளுக்கும் அவரே தடவிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. அடித்த கையும் தடவிய கையும் ஒன்றே என்பதை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை.

சில ஆண்டுகளிற் குலை ஏற்றும் சிறு இயந்திரங்கள் தோட்டத்துக்குள் வந்தன. தொழிலாளர்கள் அவற்றை எருமை என்றே அழைத்தனர். அந்த எருமை சேற்றில் சிக்கினால் உதைக்கலாம்; இரவில் எண்ணெய் தடவ வேண்டியதில்லை. செவலையின் தோள் நுகத்திலிருந்து விடுபட்டது. ஒரு மாலை நான் பள்ளிவிட்டு வந்தபோது கொட்டில் வெறுமையாய் இருந்தது. எங்கே என்று கேட்டேன். தந்தையார் விடை கூறவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.

ஆகவேதான் இயந்திரம் உயிரை விடுவிக்கும் என்று எவரேனும் கூறும்போது, விடுவிக்கப்பட்ட உயிர் எங்கே போயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது. பயன் தீர்ந்த யானைக்குக் காடு வேண்டும். காட்டின் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. அந்தக் கணக்கை முடிக்காமல் ரப்பர் யானைக்கு மாலை சூட்டுவது பாதி அறமே.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் அண்மையிலே நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மியன்மாரை உலுக்கிய நிலநடுக்கத்தின் பின், சிங்கப்பூரின் மீட்புக் குழுவினர் தம்முடன் பத்துக் கரப்பான் பூச்சிகளைக் கொண்டு சென்றனர். மடகாஸ்கர் தீவின் பெருங்கரப்பான் இனத்தைச் சேர்ந்தவை; நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியின் விளைவு. முதுகில் சிறு கருவிப் பொதியைச் சுமத்தி, நுண்ணிய மின்முனைகளால் தூண்டி, வேண்டிய திசையில் அவற்றைச் செலுத்துகின்றனர். இடிபாட்டின் இடுக்குகளில் மனிதரும் நாயும் புக இயலாத இடத்தில் அவை புகும். உயிரைப் போன்ற உடம்பைச் செய்ய இத்தனை ஆண்டுகள் முயன்றவர்கள், இங்கு உயிருள்ள உடம்பையே எடுத்துக்கொண்டு, செலுத்தும் பொறுப்பை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். இதனைப் புதுமை என்கின்றனர். எனக்கோ அந்த மின்முனை மூக்கணாங்கயிறாகவே தெரிகிறது. செவலையை என் தந்தையார் திருப்பியதும் இவ்வாறே.

அதனால் இது தீது என்று தீர்ப்புக் கூறிவிட நான் துணியவில்லை. கட்டடத்தின் கீழ்ப் புதைந்து கிடப்பது என் பிள்ளை என்றால், ஆயிரம் கரப்பான்களை அனுப்புங்கள் என்று நானே கதறுவேன். நம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அப்பூச்சியைக் காலணியால் நசுக்குவோரும் நாமே. நான் வேண்டுவது சிறிது. கருவி என்ற பெயரால் அதனை அழைத்து, அது சுமக்கும் சுமையை நம் கண்ணிலிருந்து மறைத்துக்கொள்ளல் ஆகாது. செவலைக்கு இரவில் எண்ணெய் தடவியவர் அதனை வண்டியின் ஓர் உறுப்பாக எண்ணியிருந்தால் தடவியிருக்க மாட்டார்.

தலைநகரின் உணவகங்களில் இப்போது பூனை முகம் காட்டி உணவு கொண்டுவரும் இயந்திரங்களைக் காண்கிறோம். சீனத்தின் ஷென்சென் நகர நிறுவனம் ஒன்று செய்தவை. செவியைத் தடவினால் கண்சிமிட்டி மகிழும். மிகுதியாய்த் தடவினால் சினம் காட்டும். பிரிக்பீல்ட்சில் நண்பர் ஒருவரோடு இரவுணவு கொண்ட அன்று இதைப் பற்றிய பேச்சு எழுந்தது. சிறுவன் ஒருவன் அத்தகைய பூனையை எட்டி உதைத்ததையும், அவன் தாய் கண்டித்ததையும், "அதற்கு வலிக்கவா போகிறது?" என்று தந்தை தடுத்ததையும் அவர் விவரித்தார். 2015ஆம் ஆண்டு போஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் தன் இயந்திர நாயை ஒருவர் உதைத்துத் தள்ளும் படத்தை வெளியிட்டபோதும் உலகம் இவ்வாறே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. நாய் தடுமாறி நிமிர்ந்து நின்ற காட்சி பலர் நெஞ்சைத் தைத்தது.

தாய் சொன்னதற்குத் துணையாக இம்மானுவேல் காண்ட் என்னும் பேரறிஞரை அழைக்கலாம். விலங்கிடம் கொடுமை காட்டிப் பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான். ஆதலால் அதனை விலக்குக என்றார் அவர். பிள்ளையின் பழக்கம் கெடும் என்ற அளவில் இயந்திரப் பூனைக்கு இவ்வாதம் பொருந்தும். ஆனால் உயிருள்ள பூனைக்கு இது போதாது. அங்கு உதை விழுவது உதைப்பவனின் ஒழுக்கத்தின்மேல் மட்டுமன்று. அது பூனையின் விலாவில் விழுகிறது. சோழன் தன் நற்பெயரைக் காப்பதற்காகத் தேரைச் செலுத்தவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரைத் தானும் அடைய வேண்டும் என்றே செலுத்தினான். பிற உயிரின் நோயைத் தன் நோயாகக் கொள்ளாதவழி அறிவினால் ஆகும் பயன் என்ன என்று வள்ளுவர் இன்னா செய்யாமையில் கேட்டதும் இதனையே. அறிவுடைமை அதிகாரத்தில் வைக்காமல் அக்கேள்வியை அங்கு அவர் வைத்திருப்பது எண்ணத்தக்கது.

அப்படியாயின் இயந்திரத்துக்கு உயிர் ஏது என்று நான் கூறிய விடை சரிதானே என்று வாசகர் கேட்கலாம். விடை சரியாகவே இருக்கலாம். அதனைக் கூறிய முறையிலேதான் தீங்கு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தெகார்த் விலங்குகளை நுட்பமான இயந்திரங்கள் என்றே கருதினார். அவர் வழிவந்தோர் சிலர், நாயின் ஓலமும் கடிகாரத்தின் ஓசையும் ஒன்றே என்னும் அளவுக்குச் சென்றனர். நம் முன்னோர் பெரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையாய் நின்றபோது, அவர்களை எண்ணிக்கையாய் மட்டும் கண்ட கண்களும் இருந்தன. இதற்குள்ளே ஒன்றும் இல்லை என்று மனிதன் கதவைச் சாத்திய இடங்களிலெல்லாம், உள்ளே யாரோ இருந்ததாகத்தான் வரலாறு காட்டுகிறது. இயந்திரத்தின் உள்ளே இன்று யாரும் இல்லை என்றே நானும் நம்புகிறேன். ஆயினும் எட்டிப் பாராமல் சாத்தும் பழக்கம் பிள்ளைக்கு என்னிடமிருந்து வரக்கூடாது.

மணி அடித்தால் அரசன் இறங்கி வரவேண்டும். அரண்மனைக்குள் இருப்பவன் காதுக்குப் பசு அடித்த ஒலியும் பொறி அடித்த ஒலியும் ஒன்றே. ஆராய்ச்சி மணி என்று அதற்குப் பெயரிட்டதே ஆராய்வதற்காக. வந்து பார்த்த சோழன், கயிற்றைப் பற்றி நிற்பது பொறி என்றும், அதற்கு இழப்பு ஏதுமில்லை என்றும் கண்டால், மகனைத் தேர்க்காலில் இடான். ஆனால் திரும்பிப் போகவும் மாட்டான். கன்று அடிபட்டால் மணியை அடி என்று எழுதி வைத்தவன் யார், எந்தக் கன்றை எண்ணி எழுதினான் என்று கேட்பான். எழுதியவனுக்கு இழப்பு இருந்திருக்கலாம். கிரிக் சாலையில் யானை வரும்போது ஓட்டுநருக்கு முன்கூட்டியே அறிவிக்கும் கருவி ஒன்றை ஒருவர் நிறுவுவாரானால், அக்கருவி எழுப்பும் ஒலியில் அந்தத் தாய் யானையின் துயரமும் ஒரு பங்கு இருக்குமன்றோ?

இவற்றையெல்லாம் அப்பையனிடம் கூறினேன் என்று எழுத ஆசைதான். இத்துணையும் கூறவில்லை. அந்த வாரமே அவனை அழைத்து, "அன்று உன் வினாவுக்கு நான் ஒழுங்காக விடை சொல்லவில்லை தம்பி" என்று மட்டும் சொன்னேன். "பரவாயில்லை ஐயா" என்றான். அவன் அதனை மறந்தே போயிருந்தான் போலும்.

சில மாதங்கள் சென்று, இயந்திரப் பொறியியல் கழகத்தில் அவனும் தோழர் மூவரும் ஒரு நாலுகால் பொறியைச் செய்து முடித்தார்கள். அதற்கு ஆடு என்று பெயர் வைத்திருந்தார்கள். அறிவியல் கூடத்தின் முன்னுள்ள நடைபாதையில் நடக்கவிட்டபோது, அது படியின் விளிம்பைக் கண்டுகொள்ளாமல் போய் உருண்டு விழுந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் ஓடிச் சென்று தூக்கி, மடியில் கிடத்தி, முன்னங்கால் இரண்டையும் மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தான். சற்றுத் தொலைவில் நின்று நோக்கிக்கொண்டிருந்த நான் அருகிற் சென்று, "என்ன தம்பி பார்க்கிறாய்?" என்று கேட்டேன்.

"கால் பிசகியிருந்தால் நடக்காது ஐயா" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்தான்.